கப்பல் தள இட ஒதுக்கீடு

கப்பலின் பகுதிகளை எந்த நாளில், தளத்தின் எந்த இடத்தில் வைத்துப் பொருத்துவது என்பதை ஒருங்கே தீர்மானிக்கும் திட்டமிடல். வவுணதீவு போன்ற வாவிக்கரைகளில் தோணி செய்பவருக்கு இது ஒரு சிக்கலே அல்ல. வேலை முடியும்வரை தோணி கரையிலேயே கிடக்கலாம். 1974இல் தொடங்கப்பட்ட கொழும்பு டொக்யார்ட் நிறுவனத்தின் நிலை வேறு. துறைமுகத்துக்குள் அமைந்த அதன் தளத்தில் பழுதுபார்ப்பும் புதுக்கப்பல் கட்டலும் அருகருகே நடக்கின்றன. நான்கு உலர்துறைகளில் பெரியது 125,000 தொன் கப்பலை ஏற்கும். ஆனால் புதுக்கப்பலுக்கான உருக்குப் பகுதிகள் அங்கே போய்ச் சேருமுன் தரையில் பல வாரம் இருந்தாக வேண்டும். இத்தகைய தளங்களில் வேலையாட்களைவிடத் தரையே அரிய வளம் என்று கொள்வதே சரி. நெருக்கடியில் ஆட்களை இரவுப் பணிக்கு அழைக்கலாம், தரையை அப்படி நீட்ட முடியாது.

முதலில் நாட்களைக் குறித்துவிட்டு, இடத்தைப் பிறகு தேடலாமே என்பர். நடுவே வைத்த பகுதி முதலில் முடிந்தாலும், சுற்றியுள்ளவை நகராமல் அதை வெளியே எடுக்க முடியாது. நாட்குறிப்பு அங்கேயே உடைகிறது. தென்கொரியாவின் தேவூ கப்பல் தளத்துக்காக 1990களில் உருவான கணினி முறைமை இதை உணர்ந்து, ஒவ்வொரு பகுதியின் தரை வடிவையும் பல்கோணமாக எடுத்துக்கொண்டு நாளையும் இடத்தையும் சேர்த்தே கணக்கிட்டது. தளத்தை விரிவாக்கினால் போதும் என்ற வாதமும் முழுதாக நிற்காது: பாரந்தூக்கி எட்டாத நிலம் கனத்த பகுதிகளுக்கு உதவாது. வெல்டிங் தாமதமானால் கணினித் திட்டமும் பிழைக்கும் என்பது உண்மை. அதனாலேயே அதை நாள்தோறும் திருத்த வேண்டியிருக்கிறது.