குமிழிக்குள் ஒரு ராக்கெட்

திருவண்ணாமலை மலை உச்சியில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தால், அது 100 டிகிரி வரை காத்திருக்காது. சுமார் 97-லேயே தளதளவென்று கொதித்துவிடும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறதே, அதனால்தான். அழுத்தத்தை இன்னும் பலமாகக் குறைத்தால்? பச்சைத் தண்ணீரே கொதிக்கும்!

கப்பலின் விசிறி அசுர வேகத்தில் சுழலும்போது இதுதான் நடக்கிறது. விசிறி இலையின் ஒரு பக்கம் அழுத்தம் சரிந்து, கடல்நீர் ஆவிக் குமிழிகளாகிறது. 1890-களில் 'டேரிங்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் எதிர்பார்த்த வேகம் எடுக்காமல் திணறியது இந்தக் குமிழிகளால்தான். அவை உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். அன்று முதல் கப்பல் பொறியாளர்களுக்குக் குமிழி ஜென்ம விரோதி.

சோவியத் விஞ்ஞானிகள் தலைகீழாக யோசித்தார்கள். கடலுக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோவை, முழுசாக ஒரே பெரிய குமிழிக்குள் வைத்துவிட்டால்? தண்ணீர், காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி. அது உடம்பில் படாவிட்டால் வேகத்துக்குக் கேட்கவா வேண்டும்!

1960-ல் தொடங்கிய வேலை. 1977-ல் 'ஷ்க்வால்' கடற்படையில் சேர்ந்தது. மூக்கில் உள்ள தட்டு நீரை விலக்கிக் குமிழியை உண்டாக்கும். உள்ளிருந்து வாயுவைப் பீய்ச்சி அதைப் பெரிதாக்குவார்கள். தள்ளுவதற்குப் பின்னால் ராக்கெட். வேகம், மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர்! நமது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்கிற வேகம். ஆனால், ஆரம்பகால ஷ்க்வால் பாதி வழியிலேயே ஓய்ந்துவிடும்!

இதன் ரகசியத்துக்கு எவ்வளவு மதிப்பு? எட்மண்ட் போப் கதையைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, வியாபாரத்தில் இறங்கியவர். ஷ்க்வால் விவரங்களை வாங்கினார் என்று 2000 ஏப்ரலில் மாஸ்கோவில் கைதானார். 'எல்லாமே பகிரங்கமாகக் கிடைக்கிற தகவல்கள்தான்' என்று வாதாடினார். எடுபடவில்லை. டிசம்பரில் 20 ஆண்டு சிறைத் தண்டனை! சில நாட்களில் புதின் மன்னித்து அனுப்பிவைத்தார்.

இவ்வளவு கிராக்கி இருந்தும், எல்லா நாடுகளும் ஏன் இதற்கு மாறவில்லை?

சத்தம்! குமிழியும் ராக்கெட்டும் போடும் கூச்சலில் ஷ்க்வாலுக்கு வேறெதுவும் கேட்காது. எதிரிக் கப்பல் திசை மாறினால், ஆரம்பகால ஷ்க்வால் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். விசாகப்பட்டினம் ஆய்வகம் உருவாக்கி, 2016-ல் நம் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்ட 'வருணாஸ்திரா'வின் வேகம் மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனால், அது இலக்கின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் துரத்தும்.

ஓடுகிற காலா, கேட்கிற காதா? பெரும்பாலான கடற்படைகள் காதுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கின்றன.