றோட்டுத் திருத்தம் எண்ட பெயரில் ஒரு ரயில்பாதை

ஹர்னாய் எண்டது இன்றைய பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானில் உள்ள மலைப்பள்ளத்தாக்கு. 1883இல் பிரித்தானிய இந்திய அரசு அங்கே தொடங்கிய வேலைக்கு 'ஹர்னாய் றோட்டுத் திருத்தத் திட்டம்' எண்டு பெயர் வைத்தது. உண்மையான நோக்கம் ரயில்பாதை. ஏன் இந்த ஒளிப்பு?

இரண்டாவது ஆப்கான் போரில் (1878–80) படைக்கான சாமான்களைக் கணவாய்கள் வழியே ஒட்டகங்கள்தான் சுமந்தன. அவை ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. காந்தஹாருக்கு எத்தனை நாளில் படையும் சோறும் போய்ச் சேரும் என்பதே அதிகாரிகளின் கவலையாயிற்று. சிந்து நதியோரம் ருக்கில் 1879 ஒக்டோபரில் தொடங்கிய பாதை, 1880 ஜனவரியில் சிபியைத் தொட்டது. ஏறக்குறைய 215 கிலோமீற்றர், 101 நாள். அதுவரை சமதரை, அதற்கப்பால் மலை.

அதே வருடம் லண்டனில் கிளாட்ஸ்டன் ஆட்சிக்கு வந்தார். எல்லையைத் தள்ளிக்கொண்டு போவதை எதிர்த்தவர் அவர், ஆகவே வேலை நின்றது. ஆனால் ரஷ்யாவும் கஸ்பியன் கடலிலிருந்து கிழக்கே தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தின அரசே திரும்பத் தொடங்குவது சங்கடம்தானே? அதனால் வந்த பெயர்தான் 'றோட்டு'. 1885இல் பஞ்தேயில் ரஷ்யப் படை ஆப்கானியரைத் தாக்கியதும் ஒளிப்புத் தேவைப்படவில்லை. கொலராவில் தொழிலாளர் செத்துக்கொண்டிருக்க வேலை நடந்தது. 1887இல் ரயில் குவெட்டாவை அடைந்தது.

பிறகு கோஜக் மலையைக் குடைந்து, நாலு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த சுரங்கம் 1891இல் முடிந்தது. எல்லையோரச் சமனில் காந்தஹார் வரை போடுவதற்கான தண்டவாளங்களை அடுக்கி வைத்தார்கள். பிரித்தானியருக்கு அது தற்காப்பு. ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மானுக்கோ தன் வயிற்றில் சொருகின கத்தி. தன் மக்கள் அந்த ரயிலைப் பாவிக்கக்கூடாது எண்டு தடுத்தார்.

நாங்கள் இதில் கவனிப்பது ஒன்றுதான். படையின் வழிக்குறிப்புகளில் தண்ணீர், தீவனம், சரிவு எல்லாம் பதிவாகும். அங்கே வாழ்ந்த பழங்குடிகளும் அப்படியொரு பதிவுதான், வழிவிடுவார்களா மறிப்பார்களா எண்ட அளவில். அவர்களுக்கு றோட்டு வேணுமா எண்டு கேட்டு இந்தத் திட்டம் தொடங்கவில்லை.

ஹர்னாய்ப் பாதையின் சப்பர் பிளவுப் பகுதியை 1942 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, திருப்பிக் கட்டவில்லை. சமனில் குவித்த தண்டவாளம் காந்தஹாருக்குப் போகவேயில்லை. 'அபிவிருத்தி' எண்டு ஒரு பாதை வரும்போது பெயரை மட்டும் வாசிக்காதேங்கோ. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்குது எண்டு வரைபடத்தை விரிச்சுப் பாருங்கோ.