மூட்டைக்கு விலை சொல்வது யார்? ராவ் பகதூர் ஆரி கவுடரின் கதை

சீசன் நேரத்துல ஊட்டிக்கு காரில் போனவங்க பலர் என்.சி.எம்.எஸ். பார்க்கிங்ல வண்டியை விட்டிருப்பீங்க. சீட்டு வாங்கி சட்டைப்பையில போட்டுட்டு பொட்டானிக்கல் கார்டன் பக்கம் நடந்திருப்பீங்க. அந்த நாலு எழுத்துக்குப் பின்னாடி ஒரு உருளைக்கிழங்குக் கதை இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

மலை ஊர்களில் உள்ளூர் அரசியலுக்கு வருகிறவர்களைப் பாருங்கள். ஓட்டல், லாட்ஜ், பஸ், காண்ட்ராக்ட் என்று ஏதோ ஒரு தொழில் பின்னால் நிற்கும். நாலு பேருக்கு முகம் தெரிவது அங்கேதான். ஆரி கவுடரின் குடும்பத்துக்கு அது காண்ட்ராக்ட். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுப்பதலை, தமிழில் உபதலை, படுகர் ஊர். அவர் பெயருக்கு முன்னால் வரும் எச்.பி.யில் எச் அந்த ஊர், பி அவர் அப்பா பெள்ளி கவுடர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் 1899லேயே ரயில் வந்துவிட்டது. அதை ஊட்டி வரை நீட்டும் வேலை 1908ல் முடிந்தது. இந்த மேல்பகுதியில் பல்சக்கரம் கிடையாது, கவனிச்சிருப்பீங்க. அந்த வேலையில் காண்ட்ராக்டராக இருந்தவர் பெள்ளி கவுடர். வெள்ளைக்கார அதிகாரியோடும் பேசத் தெரியணும், மண் வெட்டுகிற ஆளோடும் பேசத் தெரியணும். பையன் அதைப் பார்த்து வளர்ந்தான்னு தாராளமா நினைக்கலாம்.

1893ல் பிறந்த ஆரி கவுடர் படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி. சென்னை சட்டசபைக்குப் போன முதல் படுகரும் அவர்தான். அப்பாவைப் போலவே ராவ் பகதூர் பட்டம். 1933ல் ஹங்கேரியில் நடந்த உலக சாரணர் ஜாம்போரிக்கு இந்தியக் குழுவைத் தலைமை தாங்கி அழைத்துப் போனார். இவ்வளவோடு நின்றிருந்தால், அந்தக் காலத்துப் பட்டக்காரர்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டு நாம அடுத்த எபிசோடுக்குப் போயிருக்கலாம்.

விஷயம் 1935ல் இருக்கு. அதுக்கு முன்னாடி கிழங்கு வியாபாரம் எப்படி நடந்ததுன்னு தெரியணும்.

உருளைக்கிழங்கு இந்த மலைக்கு வெள்ளைக்காரர்களோடு வந்த பயிர். நூறு வருஷத்தில் படுகர் நிலங்களில் அதுதான் பணப்பயிர். ஆனால் சந்தை மலையில் இல்லை, கீழே மேட்டுப்பாளையத்தில். விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் கையில் காசு இருக்காது. மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கணும். வாங்கினால் விளைச்சலை அவர் மண்டிக்கே இறக்கணும். தராசு அவருடையது, கணக்கு நோட்டும் அவருடையது. கமிஷன் போக, அழுகல் என்று ஒரு கழிவு போக, முன்பணத்துக்கு வட்டி போக, மிச்சம் என்ன என்று அவர்தான் சொல்வார். விலை பிடிக்கலைன்னா மூட்டையைத் திரும்ப மலைக்கு ஏத்திக்கிட்டுப் போக முடியுமா? வாடகை யார் கொடுக்கிறது? அழுகுற பொருள் வேற.

இதில் மண்டிக்காரர் எல்லாரும் கெட்டவர், விவசாயி எல்லாரும் அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. கடன் கொடுக்கிறவரே சரக்கையும் வாங்கினால், நல்ல மனுஷனாக இருந்தாலும் விலை ஒரு பக்கம்தான் சாயும்.

ஆரி கவுடர் முன்னின்று 1935ல் தொடங்கியதுதான் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம், அதாவது என்.சி.எம்.எஸ். யோசனை ரொம்ப எளிமை. கிழங்கு சங்கத்தின் இடத்தில் இறங்கும், சங்கத்தின் தராசில் நிறுக்கப்படும், வியாபாரிகள் எல்லாருக்கும் முன்னால் ஏலம் விடப்படும். வாங்கின கடன் விற்ற பணத்தில் கழியும். வியாபாரியை யாரும் விரட்டவில்லை, கவனிங்க. அவர் ஏலத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வியாபாரியும் நின்றார்.

சட்டசபையில் அவர் பேசியதை விட இந்தத் தராசு பெரிய அரசியல் என்பது என் கருத்து. நீண்ட காலம் சங்கத்தின் தலைவராகவும் அவரே இருந்தார். அதிலேயே ஒரு கேள்வியும் இருக்கு. ஒரு பெரிய வீட்டுக்காரரின் செல்வாக்கால் எழுந்த சங்கம், அவருக்குப் பிறகும் அதே பலத்தோடு நிற்குமா? இன்னொன்று, கூட்டுறவு நிலம் உள்ளவருக்குத்தான் உதவும். எஸ்டேட் லயத்தில் இருந்த தமிழ்க் கூலிக் குடும்பங்களுக்கு ஏலத்துக்குக் கொண்டுவர மூட்டையே கிடையாது. அவர்கள் கதை தனி எபிசோடு.

சென்னை மேற்கு மாம்பலத்தில் அவர் பெயரில் ஒரு ரோடு இருக்கு. போர்டுல, பேச்சுல எல்லாம் 'ஆரிய கவுடா ரோடு' ஆகிப்போச்சு. அந்தத் தெருவில் காய்கறி வாங்குகிறவர்களுக்கு இவர் உருளைக்கிழங்குக்காக உழைத்தவர் என்று யார் சொல்வது!

1961ல் ஊட்டிப் பக்கத்து வயல்களில் ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத புழு, கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும், வருஷக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். அது மற்ற ஊர்களுக்குப் பரவக் கூடாது என்று நீலகிரி விதைக்கிழங்கு மாவட்டத்தை விட்டு வெளியே போவதற்கு 1971ல் தடை வந்தது. ஆரி கவுடர் இறந்ததும் அதே 1971ல்தான்.

நிலங்கள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறின. இப்போ உபதலைப் பக்கம் போனால் சரிவெல்லாம் தேயிலைதான். சிறு விவசாயி பறித்த பச்சை இலையைப் ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு என்ன விலை போடுவார்கள் என்று காத்திருக்கிறார்.