மின்னியல் மேற்படிப்பு பிறந்த வரலாறு



சென்ற பொங்கல் விழாவன்று பந்தியில் எனக்கு அருகே அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் தம் மனக்கவலையை வெளியிட்டார். "என் மகன் மின்பொறியியலில் பி.இ. தேறிவிட்டான். வேலைக்குப் போகாமல் இன்னும் இரண்டாண்டு எம்.டெக். படிக்கப் போகிறேன் என்கிறான். அதைப் படித்து என்ன காணப் போகிறான்? படித்து முடித்தால் அப்படிப்புக்கு ஏற்ற வேலை இந்நாட்டில் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிக் காலங்கழிக்கும் எளியேனுக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் நூல்கள் சிலவற்றைப் புரட்டியபோது ஓர் உண்மை புலப்பட்டது. அன்பர் கேட்ட அக்கேள்வி புதியதன்று. 1898ஆம் ஆண்டின் கடைசி நாளில், இந்தியாவுக்கு வைசிராயாக வந்திறங்கிய கர்ஸன் பிரபுவும் அதே ஐயத்தையே எழுப்பினார். அதற்கு நாடு சொன்ன விடையே மின்னியல் மேற்படிப்பின் வரலாறு எனலாம்.

அக்காலத்தில் மின்சாரம் இந்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. 1895இல் சென்னை நகர வீதிகளில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1897இல் டார்ஜிலிங் மலைச்சாரலில் அருவி நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தனர். 1899இல் கல்கத்தா நகரம் மின்னொளி பெற்றது. ஆயினும் இயந்திரம் அயல்நாட்டது. அதை நிறுவியவர் அயல்நாட்டார். பழுது வந்தால் பார்க்க வேண்டியவரும் அவரே. நம்மவர் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் அறிந்தாரேயன்றி, அவ்விளக்கு எரியும் நுட்பத்தைக் கற்க இங்கே இடமில்லை. பொறியியல் கல்லூரிகள் இல்லாமலில்லை. 1794இல் தோன்றிய நில அளவைப் பள்ளியே வளர்ந்து பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. 1847இல் ரூர்க்கியில் ஒரு கல்லூரி எழுந்தது. ஆனால் அவை சாலை, பாலம், வாய்க்கால் ஆகியவற்றை அமைக்கும் அரசாங்க ஊழியரை உருவாக்கும் நோக்கங்கொண்டவை. மின்னியலை ஆழ்ந்து கற்க விரும்பிய இளைஞன் கப்பலேற வேண்டியிருந்தது. கப்பற்கூலிக்கு வழியற்றவன் ஆசையை மனத்துக்குள்ளேயே புதைத்துக்கொண்டான்.

இக்குறையை உணர்ந்தவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. பட்டம் பெற்றவர் மேலும் கற்றுத் தாமே ஆராயும் உயர்நிலைக் கல்விக்கூடம் ஒன்று வேண்டும் என்பது அவர் கனவு. இதற்கென ஏறத்தாழ முப்பது இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளைத் தர அவர் முன்வந்தார். 1898 நவம்பர் 23ஆம் நாள் சுவாமி விவேகானந்தருக்கும் இது குறித்துக் கடிதம் எழுதினார். பர்ஜோர்ஜி பாட்ஷா என்பவர் மேல்நாட்டுக் கல்விக்கூடங்களை நேரில் கண்டு திட்டம் வகுத்தார். அத்திட்டத்தைத்தான் 1898 டிசம்பர் 31ஆம் நாள் கர்ஸன் பிரபுவிடம் அளித்தனர். வைசிராய்க்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. இத்தகைய உயர்கல்விக்குத் தகுதியுள்ள மாணவர் இந்நாட்டில் கிடைப்பார்களா என்பது ஒன்று. கற்றுத் தேறியவருக்கு வேலை எங்கே என்பது மற்றொன்று. அயலான் ஒருவன் நம்மை இழிவாகக் கருதிக் கேட்ட கேள்வி என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அன்று நாட்டிலிருந்த தொழிற்சாலைகளை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது ஐயத்தில் ஓரளவு நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் மைசூர் சமஸ்தானத்தை நாம் காண வேண்டும். அங்கே 1883 முதல் 1901 வரை திவானாக விளங்கியவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். 1845இல் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் அவர். பிழைப்பை நாடி அயற்சீமை சென்று, சென்ற இடத்தைத் தம் இடமாகவே கொண்டு உழைத்தவர். காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டம் அவர் காலத்தில் உருவாயிற்று. அருவிக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு. அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டு செல்வது அன்று உலகில் அரிய செயல். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்கானால், வெப்பமாகி வீணாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலின் மின்னோட்டத்தைக் குறைத்து, மின்னழுத்தத்தை மிக உயர்த்தி அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாழ்த்திக்கொள்ள வேண்டும். 1902 ஜூன் மாதம் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவருள் நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர் என்பதை நாம் மறத்தலாகாது. 1905இல் பெங்களூர் நகரமும் மின்விளக்குப் பெற்றது.

ஆயினும் சிவசமுத்திரத்துச் சுழலிகள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. மின்னாக்கிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. காவிரி நம்முடையது, கம்பி நம் மண்ணின்மீது சென்றது, ஆனால் அறிவு மட்டும் கடல்கடந்து வந்தது. விலை கொடுத்து இயந்திரத்தை வாங்கலாம். அதனை ஆக்கும் அறிவை அவ்வாறு வாங்கிவிட முடியாது. சிவசமுத்திரம் நாட்டுக்கு உணர்த்திய பாடம் இதுவே.

1900இல் டாட்டாவின் திட்டத்தை ஆராய இங்கிலாந்திலிருந்து வில்லியம் ராம்ஸே என்னும் இரசாயனப் பேரறிஞர் வந்தார். நாடெங்கும் சுற்றிப் பார்த்தபின், கல்விக்கூடத்துக்கு ஏற்ற இடம் பெங்களூரே என அவர் கூறினார். பெங்களூர் தேர்வானதில் சேஷாத்ரி ஐயரின் பங்கு பெரிது. மைசூர் அரசு சுமார் 370 ஏக்கர் நிலத்தை வழங்கியது. ஆனால் காலம் காத்திருக்கவில்லை. சேஷாத்ரி ஐயர் 1901இல் மறைந்தார். சிவசமுத்திரத்து மின்சாரத்தைக்கூட அவர் கண்ணால் காணவில்லை. டாட்டா 1904 மே மாதம் ஜெர்மனியில் காலமானார். தந்தையின் வாக்கை மைந்தர் தோராப்ஜியும் ரத்தனும் காத்தனர். 1909இல் அரசாணை பிறந்தது. 1911இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். வித்திட்ட இருவரும் பயிரைக் காணவில்லை என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உருக்குவதாகும்.

தொடக்கத்தில் திறக்கப்பெற்ற துறைகளுள் ஒன்று எது தெரியுமா? மின் தொழில்நுட்பத் துறை! இரசாயனத் துறையோடு உடன்பிறந்ததாய் அது தோன்றிற்று. ஆல்ஃபிரட் ஹே என்பவர் அதன் முதல் பேராசிரியர். வேறிடத்தில் அறிவியற் பட்டம் பெற்ற இளைஞர்கள் அங்கே வந்து மின்னாக்கி, மின்மாற்றி, மோட்டார் ஆகியவற்றைக் கையால் தொட்டு, அளந்து, சோதித்துக் கற்றனர். கப்பலேறாமல் நம் மண்ணிலேயே மின்னியலின் மேற்படிப்பைப் பெற இவ்வாறு வழி திறந்தது.

இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. அக்கழகம் நெடுங்காலம் சர்வகலாசாலையாக விளங்கவில்லை. ஆகவே எம்.இ. முதலிய பட்டங்களை வழங்கும் உரிமை அதற்கில்லை. தேறியவருக்குக் கழகத்தின் சான்றிதழோ, அஸோஸியேட் என்னும் தகுதியோதான் கிடைத்தது. 1958இல் பல்கலைக்கழகத்துக்கு நிகரான நிலை வாய்த்தபின்னரே பட்டம் வழங்கும் உரிமை வந்தது. அதாவது 1911 முதல் 47 ஆண்டுகள் மாணவர்கள் பட்டம் என்னும் அணியில்லாமலே அங்கே சென்று கற்றனர்! தகுதியுள்ள மாணவர் கிடைப்பார்களா என்ற முதல் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

இனி இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். வேலை எங்கே? 1915இல் டாட்டா நிறுவனத்தாரின் கோப்போலி நீர்மின் நிலையம் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் தரத் தொடங்கியது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கி, கோயம்புத்தூர் நூலாலைகளுக்கு உயிரூட்டியது. இதற்குச் சற்று முன்னர், 1930இல், கிண்டியில் மின்பொறியியல் பட்டப்படிப்பு ஏற்பட்டிருந்தது. தொழில் வளர வளரப் படிப்பு வளர்ந்தது. படிப்பு வளர வளரத் தொழில் அந்நியர் கையிலிருந்து நம்மவர் கைக்கு மாறியது. இரண்டும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள்.

பெங்களூரில் முளைத்த விதை அங்கேயே நின்றுவிடவில்லை. 1939 முதல் 1948 வரை அக்கழகத்தின் இயக்குநராக இருந்த ஞானசந்திர கோஷ், வங்காளத்துக் கரக்பூரில் 1951இல் தொடங்கிய முதல் ஐ.ஐ.டி.க்கும் முதல் இயக்குநரானார். அவ்வூர் நம் ரயில்வேக்காரர் அனைவரும் அறிந்த பெரிய சந்திப்பு நிலையம். விடுதலைப் போராட்ட வீரரைச் சிறைவைத்த ஹிஜ்லி முகாமின் கட்டடத்தில் அந்தக் கல்விக்கூடம் வகுப்புகளைத் தொடங்கியது. சிறைச்சாலை கல்விச்சாலையாயிற்று! கோஷுக்குப் பின் 1949இல் பெங்களூரில் இயக்குநர் பொறுப்பேற்ற எம்.எஸ். தாக்கர் மின்பொறியியல் வல்லுநரே. 1958இல் பம்பாயிலும், 1959இல் ஜெர்மனியின் துணையோடு சென்னையிலும் ஐ.ஐ.டி.கள் எழுந்தன. மேற்படிப்புக்கு ஓரிடம் என்றிருந்த நிலை மாறிப் பல வாயில்கள் திறந்தன.

படித்தவர் கைகளுக்கு வேலையும் பெருகியது. 1950இல் நீராவி எஞ்சின் கட்டத் தொடங்கிய சித்தரஞ்சன் தொழிற்சாலை 1961 முதல் மின்சார எஞ்சின்களைக் கட்டியது. போபாலில் கன மின்சாதனத் தொழிற்சாலை எழுந்தது. மின்மாற்றியும் மின்னாக்கியும் இந்நாட்டிலேயே வார்த்துச் சுற்றப்பட்டன. இன்று நம் அகலப் பாதைகளில் மிகப் பெரும்பகுதி மின்மயமாகிவிட்டது. எளியேன் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் டீசல் எண்ணெய்க் கணக்குக் கோப்புகள் மேசையை நிறைத்தன. இன்று அவ்விடத்தில் மின்கட்டணக் கோப்புகள் நிறைகின்றன. வரலாறு எங்கோ நிகழ்வதன்று. நம் மேசைமீதே நிகழ்கின்றது.

ஆகவே அன்பரின் கேள்விக்கு இப்போது விடை கூறுகின்றேன். "வேலை இருந்தால்தான் படிப்பு" என்று டாட்டாவும் சேஷாத்ரி ஐயரும் எண்ணியிருந்தால், 1911இல் அந்த மின் தொழில்நுட்பத் துறை பிறந்திராது. அத்துறை போன்றவை பிறவாதிருந்தால், பிற்காலத்தில் நம் எஞ்சின்களைக் கட்ட நம்மவர் இருந்திரார். மேற்படிப்பு வேலையைத் தேடித் தருவது மட்டுமன்று. இல்லாத வேலையை உண்டாக்கவும் வல்லது.

குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு இரண்டாண்டு என்பது சிறிய காலமன்று என்பதை யான் அறிவேன். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில், மகனின் முதற்சம்பளத்தை இரண்டாண்டு தள்ளிவைப்பது எளிதன்று. ஆயினும் கேட் என்னும் தகுதித் தேர்வில் தேறி அரசினர் உயர்கல்விக் கூடங்களில் எம்.டெக். சேர்வோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. கப்பற்கூலிக்கு வழியின்றி ஆசையைப் புதைத்த அக்கால இளைஞனின் நிலை இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லை. மகனை இவ்வழியே முயலச் சொல்லுமாறு அன்பரை வேண்டிக்கொள்கின்றேன்.

நாமும் சேஷாத்ரி ஐயரைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். நாம் ஊன்றும் விதையின் பயனை நாமே காண வேண்டும் என்னும் நியதி இல்லை. அவர் கண்ணால் காணாத மின்னொளியில்தான் பெங்களூரில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அமர்ந்து படித்திருக்கின்றனர். அவர்களிடையே நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவனாக அமர்வானாயின் அதைவிட நமக்கு வேறு பேறு யாது?