தங்கியவரும் போனவரும்

2022இல் ஹட்டன் நகரில் சமையல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றிருந்தேன். நீலகிரிக் கூடலூரிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். என் தாத்தாவின் தம்பி மகன் அவர். "ஒங்க தாத்தா அன்னைக்கு எங்கப்பாவோட கப்பலேறியிருக்கணும்டா. இந்தியா எங்க போயிருச்சி, நீங்க எங்க நிக்கிறீங்க!" என்றார்.

வெறும் சிலிண்டரோடு நின்றவனிடம் பதில் இல்லை. ஆனால் வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடவும் மனமில்லை. பிறகு கணக்குப் பார்த்தேன்.

1964 ஒக்டோபரில் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். சின்னத் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறினார். தாத்தா தங்கினார்.

அக்காலத்தில் இரு நாடுகளும் எப்படி இருந்தன? உலக வங்கிக் கணக்குப்படி 1960இல் ஓர் ஆளுக்கான உற்பத்தி இலங்கையில் ஏறத்தாழ 140 டொலர். இந்தியாவில் 80 டொலருக்குச் சற்று மேல். 2017இல் இலங்கை 4,000 டொலரைத் தாண்டியிருந்தது. இந்தியா 2,000ஐ எட்டவில்லை. நெருக்கடிக்குப் பின், 2023இலும் இலங்கை 3,800 அளவில், இந்தியா 2,500 அளவில்.

சித்தப்பா பார்த்தது மொத்த உற்பத்தியை. அதில் 1960இல் இந்தியா நம்மைப் போல் சுமார் 26 மடங்கு. 2023இல் 40 மடங்குக்கும் மேல். இதில் ஒரு பங்கு ஜனத்தொகை பெருகியதால் வந்தது.

2022இல் நாம் விழுந்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அதே கொழுந்து, அதே உழைப்பு, டொலரில் எழுதும்போது சிறுத்துப்போனது. உண்மையான உற்பத்தியும் ஏழு வீதத்துக்கு மேல் சுருங்கியது. இரசாயன உரத்துக்கு 2021இல் விதித்த தடையின் பின், அவ்வாண்டு 300 மில்லியன் கிலோவை ஒட்டியிருந்த தேயிலை மறு ஆண்டு 250 மில்லியன் அளவுக்கு இறங்கியது.

அப்படியானால் தாத்தா எடுத்த முடிவே சரி என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடலாமா? எனக்கு நாக்கு எழவில்லை.

1960களில் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் தேயிலை தந்தது. இந்தியாவைவிட உயர்ந்து நின்ற அந்தச் சராசரியில் தாத்தாவும் பாட்டியும் பறித்த கொழுந்து இருந்தது. சராசரி எடுக்கத் தலை எண்ணியபோது எங்களையும் எண்ணினார்கள். பங்கு வைத்தபோது எண்ணவில்லை. 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் மரண வீதம் கூடியது. அந்த ஆண்டுகளிலும் தலா உற்பத்தியில் இலங்கை இந்தியாவுக்கு மேலேதான் இருந்தது.

1947 தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தாத்தாவும் வாக்களித்தார். 1948இல் பிரஜாவுரிமையும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயின. இலங்கைப் பிரஜையாக விண்ணப்பித்துக் காத்திருந்தவர், மறுபடி வாக்களிக்காமலே 1985இல் காலமானார். விண்ணப்பித்தவர்களின் வழக்கைத் தீர்த்த சட்டம் வந்தது 1988இல்.

சின்னத் தாத்தாவுக்கோ அங்கே வாக்கு இருந்தது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கும் லயம்தான். அங்கும் கொழுந்துக் கூடைதான். நாடு வளர்ந்த வேகத்தில் அவர் வீடு வளரவில்லை என்பதைச் சித்தப்பாவே ஒப்புக்கொள்வார்.

இரண்டு நாடுகளை ஒப்பிட்டு யாராவது பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள் என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். மொத்தமா, ஆள் கணக்கா? எந்த ஆண்டின் டொலர்? மூன்றாவது, அந்தச் சராசரிக்குள் நம் லயம் எந்த இடத்தில் நிற்கிறது? முதல் இரண்டுக்கும் விடை புத்தகத்தில் உண்டு. மூன்றாவதை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.