சரவுண்ட் சவுண்ட் டிஸ்க்கை ஃபைலாக மாற்றுவது எப்படி? எங்கே கோட்டை விடுகிறோம்?

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 2003-ல் சூப்பர் ஆடியோ சிடியாக (எஸ்ஏசிடி) வெளிவந்தது. அதில் 5.1 சரவுண்ட் மிக்ஸ் இருக்கிறது. அந்த டிஸ்க்கை கம்ப்யூட்டரில் போட்டு காப்பி எடுத்தால் பாட்டு வரும். ஆனால் வருவது 5.1 அல்ல, சாதாரண ஸ்டீரியோதான். எந்த எச்சரிக்கையும் வராது. வீட்டில் இருக்கும் பழைய பிளேயர் பழுதான பிறகுதான், பத்திரமாக இருப்பதாக நினைத்த சரவுண்ட் மிக்ஸ் நம்மிடம் இல்லை என்பதே தெரியவரும்.

ஏன் இப்படி?

சோனியும் ஃபிலிப்ஸும் 1999-ல் கொண்டுவந்த எஸ்ஏசிடி-யில் பல டிஸ்க்குகள் 'ஹைப்ரிட்' வகை. ஒரு அடுக்கில் வழக்கமான சிடி, இன்னொன்றில் உயர்தர ஒலி. கம்ப்யூட்டர் டிரைவால் முதல் அடுக்கை மட்டுமே படிக்க முடியும். உயர்தர அடுக்கைப் படிக்க பிளேஸ்டேஷன் 3-ன் ஆரம்பகால மாடல்கள், குறிப்பிட்ட சில ப்ளூ-ரே பிளேயர்கள் போன்றவை தேவை. அவற்றிலிருந்து முழு அடுக்கையும் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுக்கிறார்கள்.

டிவிடி-ஆடியோ என்றால்?

இது கொஞ்சம் சுலபம். சாதாரண டிவிடி டிரைவே போதும். ஆனால் டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். 'வீடியோ_டிஎஸ்'-ல் இருப்பது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ், அதாவது சுருக்கப்பட்ட ஒலி. அசல் தரம் 'ஆடியோ_டிஎஸ்'-ல் இருக்கிறது. 5.1-க்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். மென்பொருளில் இதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

எந்த ஃபார்மட்டில் வைப்பது?

எஸ்ஏசிடி-யின் ஒலி டிஎஸ்டி முறையில் பதிவானது: 1 பிட், நொடிக்கு 28,22,400 மாதிரிகள். இது சிடி-யின் 44.1 கிலோஹெர்ட்ஸைப் போல சரியாக 64 மடங்கு. அதனால் ஃப்ளாக் ஃபைலாக மாற்றும்போது 24 பிட், 88.2 அல்லது 176.4 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் கணக்கு சுத்தமாக வகுபடும். ஃப்ளாக் 8 சேனல் வரை தாங்கும் என்பதால் 5.1-க்குத் தாராளம்.

மாற்றிய பாட்டு சத்தம் குறைவாகக் கேட்டால் பயப்பட வேண்டாம், எஸ்ஏசிடி-யின் அளவுகோலே 6 டெசிபெல் குறைவு. கூட்டுவதானால் ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவு கூட்டுங்கள். அளவு மீறினால் ஒலி சிதையும்.

இடம்? 45 நிமிட ஆல்பம் 24/88.2-ல் 6 சேனலுக்குச் சுருக்காமல் சுமார் 4.3 ஜிபி. ஃப்ளாக்கில் இன்னும் குறையும்.

கேட்பது எப்படி?

கம்ப்யூட்டரிலிருந்து ஏவி ரிசீவருக்கு எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். ஆப்டிகல் கேபிள் வேண்டாம், சுருக்கப்படாத ஒலியில் அது 2 சேனல்தான் கொண்டு போகும். இவ்வளவு பாடுபட்டும் கடைசி ஒரு மீட்டரில் எல்லாம் ஸ்டீரியோவாகிப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எஸ்ஏசிடி-யில் நகல் தடுப்புப் பூட்டு உண்டு, பல டிவிடி-ஆடியோக்களிலும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை உங்கள் வீட்டில் கேட்க மாற்றுவது வேறு, அந்த ஃபைலை குரூப்பில் பகிர்வது வேறு.

கடைசியாக ஒன்று

மாற்றி முடித்ததும் ஃபைலின் விவரத்தைத் திறந்து சேனல் எண்ணிக்கையைப் பாருங்கள். 6 என்று இருந்தால் சரி. 2 என்று இருந்தால், பிளேயர் உயிரோடு இருக்கும்போதே மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.