ஒரு நாக்கிலை

ராணிகஞ்சில் என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினீயராக இருந்தார். அங்கே நான்கு நாள் தங்கியபோது, பொழுது போகாமல் சுரங்கத்துக் கழிவு மேட்டின்மேல் ஏறினேன். நிலக்கரியோடு கூட வந்து, விலை போகாமல் கொட்டப்பட்ட சாம்பல் நிறக் களிக்கல் அது. ஷேல் என்பார்கள். ஏடு ஏடாகப் படிந்த கல். ஓரத்தில் சுத்தியலால் பதமாகத் தட்டினால் பழைய சுவடியைப் பிரித்தாற்போல் இரண்டாகப் பிரியும்.

ஏழெட்டுக் கல்லில் ஒன்றுமில்லை. அடுத்த கல்லுக்குள் ஓர் இலை இருந்தது! சாண் நீளம், கரிப்பூச்சாகக் கறுத்து, நடுநரம்போடு.

"அத்தான், இது மாவிலை!" என்றேன்.

"தோரணம் கட்டி விடு" என்றார் அவர். "பூக்கிற மரமே உலகத்தில் இல்லாத காலத்து இலை, மாப்பிள்ளை. 25 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அதில் ஒரு பாதியைத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தது. கரிப்பூச்சோடு நரம்புகளும் போய்விட்டன. நல்ல வேளை, மற்றப் பாதி அக்காவின் கையில் இருந்தது.

அந்தப் பாதியைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தால், நடுநரம்பிலிருந்து கிளம்பும் சிறு நரம்புகள் ஒன்றோடொன்று கலந்து வலை பின்னியிருக்கும். இதுதான் குளோஸாப்டெரிஸ். வலை இருந்து, தெளிவான நடுநரம்பு மட்டும் இல்லையென்றால் அது கங்கமாப்டெரிஸ். பெயர் வைத்தவர் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி பிராங்னியார். இந்தியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் போன இலைகளைப் பார்த்து, 1828-ல், கிரேக்க மொழியில் 'நாக்குப் பெரணி' என்று பொருள்படும்படி வைத்தார். நாக்கு சரி, பெரணிதான் தவறு. 1952-ல் எட்னா பிளம்ஸ்டெட் என்ற பெண்மணி, தென்னாப்பிரிக்காவில் கிடைத்த இலைகளில் விதைதாங்கும் உறுப்புகள் ஒட்டியிருப்பதை எடுத்துக் காட்டினார். பெரணிக்கு ஏது விதை? ஆனாலும் முதலில் வைத்த பெயரே இன்றும் நிற்கிறது. இதே மரத்தின் வேர் தனியாகக் கிடைத்தபோது, முதுகெலும்பு போல் இருக்கிறதென்று அதற்கு வெர்டிப்ரேரியா என்று வேறொரு பெயர். மரம் ஒன்று, சாஸ்திரப் பேரேட்டில் பற்று வரவு பல!

இந்த இலையைப் பற்றிப் படிக்கப் போய்த்தான், தென்துருவத்துக்குப் போன ஸ்காட்டின் கதைக்குள் விழுந்தேன்.

அவரும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17-ல் துருவத்தை அடைந்தார்கள். நார்வேக்காரரான ஆமுண்ட்ஸென் ஒரு மாதம் முந்திக்கொண்டு கொடி நட்டுவிட்டிருந்தார். தோற்றுத் திரும்பும் வழியில், பிப்ரவரி 8 அன்று, பியர்ட்மோர் பனியாற்றின் தலைப்பில் பக்லி மலையடியில் நின்றார்கள். டாக்டர் வில்ஸன் அங்கே இலை பதிந்த கற்களைப் பொறுக்கினார். மொத்தம் 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. சறுக்குவண்டியை இழுப்பது நாய் அல்ல, குதிரை அல்ல, பசித்த மனிதர்கள். ஒன்பதாம் நாள் எவன்ஸ் இறந்தார். மார்ச்சில் ஓட்ஸ், தம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் வேண்டாமென்று கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்தார். அப்புறமும் கல்லை எறியவில்லை. அடுத்த உணவுக் கிடங்குக்கு 11 மைல் இருக்கையில் மிச்சமிருந்த மூவரும் முடிந்தார்கள். நவம்பர் 12-ல் தேடிப் போனவர்கள் கண்டபோது கற்கள் பத்திரமாக இருந்தன.

என் கதையில் ஒரு பாத்திரம் இப்படிச் செய்தால் நம்ப முடியவில்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அந்தச் சுமைதான் அவர்களைக் கொன்றது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளிரும் பசியும் போதாவா?

1914-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சீவார்ட் அந்தக் கற்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். இலை, குளோஸாப்டெரிஸ் இண்டிகா. நம் தேசத்தின் பெயரைத் தாங்கிய இலை, துருவத்தின் பனிக்கடியில்! சமுத்திரங்களைத் தாண்டி இந்த மரத்தின் விதை எப்படிப் பரவியிருக்கும்? இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம் என்று 1885-லேயே ஸூயஸ் எழுதி, கோண்டு மக்களின் நாட்டை வைத்துக் கோண்டுவானா என்று பெயரும் சூட்டியிருந்தார். நடுவிலிருந்த நிலம் கடலில் மூழ்கியதென்பது அவர் கட்சி. இல்லை, கண்டங்களே விலகி நகர்ந்தன என்றார் வெகனர், ஸ்காட் மாண்ட அதே 1912-ல். அவரைப் பலர் கேலி செய்தார்கள். 1960-களில்தான் உலகம் அவர் பக்கம் வந்தது. அண்டார்டிகாவும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது என்பதற்கு வில்ஸனின் கற்கள் கைச்சாட்சி.

என் கல்லை விஷயம் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் குழி? எந்த அடுக்கு?" என்று கேட்டார்.

"கழிவு மேட்டில் கிடந்தது" என்றேன்.

"அடடா!" என்று கல்லை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வில்ஸன் அந்த நிலையிலும் பொறுக்கிய இடத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு மேடேறிய நான், கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது அது என் மேஜைமேல், எழுதிய காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.